மனநோய் உள்ள வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு உறவுக்காரர் செய்யக்கூடியவை

என் அக்கா மகனுக்கு மனச்சிதைவு, டாக்டர்கள் சிசோஃப்ரினியா என்று எழுதுவது. கல்லூரியில் படிக்கும்போது தொடங்கியது, இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான். அவனுக்கு டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது. அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத்தான் யாரும் இல்லை. நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், மருத்துவம் படித்தவன் இல்லை. தாய்மாமனாக அந்த வீட்டோடு கூடவே இருந்ததில் எது உதவியாக இருந்தது, எது இம்சையாக இருந்தது என்று தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, யோசனை சொல்வதை நிறுத்துவது. இந்த மாதிரி வீட்டுக்கு யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. "ஜாதகத்தைப் பார்த்தீங்களா", "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்", "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே". கடைசியாகச் சொன்னது அம்மாக்களை உள்ளுக்குள் அரித்துவிடும். வளர்ப்பு சரியில்லாததால் இந்த நோய் வருவதில்லை. சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில், அக்கா காதில் விழும்படி, இதை நீங்கள் ஒருமுறையாவது சத்தமாகச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சையும் அங்கேயே வெட்டிவிடுங்கள். நோயை மறைத்துக் கட்டிவைத்தால், வந்த பெண்ணுக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரையை ஒளிப்பார்கள், பிறகு நிறுத்துவார்கள், நோய் திரும்பும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் போகும்.

அடுத்தது போன். எல்லோரும் "பையன் எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்பார்கள். அக்காவும் "இருக்கான்" என்பாள், பேச்சு முடிந்துவிடும். "ராத்திரி தூங்கினியா அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். என் அக்கா முதலில் பேசவே இல்லை. அப்புறம் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னாள். அவன் நடுராத்திரி எழுந்து நடப்பான். தாழ்ப்பாள் இரும்பு லேசாக உரசினாலே இவளுக்கு விழிப்பு வந்துவிடும். உரசாத ராத்திரியிலும், இப்போது உரசுமோ என்று காது அங்கேயே இருக்கும். நான் அதற்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்றேன். "வேண்டாம் தம்பி, சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆகவே வாரத்தில் ஒரு ராத்திரி நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன், அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து தூங்குகிறாள். என் மனைவி அவள் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள்.

"ஏதாவது வேணும்னா சொல்லுக்கா" என்பது நல்ல வார்த்தைதான், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். நாளும் வேலையும் குறித்துச் சொல்லுங்கள். "இந்தத் தடவை ஓ.பி.க்கு நான் கூட்டிட்டுப் போறேன், நீ வீட்ல இரு." ஆஸ்பத்திரிக்கு ஃபைல், பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், தண்ணி பாட்டில், பிஸ்கட் எல்லாம் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அக்கா சொல்லச் சொல்ல முதல் நாளே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போய் நின்றால் பாதி மறந்துவிடும்.

அதற்கு முன்னால் பையன் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். பார்த்த உடனே "வேலைக்குப் போகலையா?" என்று கேட்கிற மாமாவோடு எவனும் வெளியே வர மாட்டான். நான் "வா மாப்ளே, டீ குடிச்சிட்டு வருவோம்" என்பதோடு சரி. வழியில் அவன் பேசினால் பேசுவது, இல்லாவிட்டால் சும்மா நடப்பது. டீக்கடையில் இருப்பவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பான் சில நாள். இல்லை என்று வாதாட மாட்டேன், ஆமாம் என்றும் தலையாட்ட மாட்டேன். "உனக்குக் கஷ்டமா இருக்கா? அந்தப் பக்கம் போய் உட்காருவோமா?" அவ்வளவுதான்.

இந்த நடை அக்காவுக்கு மட்டும் ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன். மருத்துவமனைச் சமூகப் பணியாளர் வேறொன்று சொன்னார். 1970களில் லண்டனில் செய்த ஆய்வுகளில், குறை சொல்லிக்கொண்டே இருக்கும் வீடு, அல்லது அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீடு, இந்த இரண்டிலும் நோய் அதிகம் திரும்பியதாம். அதிலும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாம். ஆக, நீங்கள் வாங்கித் தருகிற ஒரு சாயங்காலம் இரண்டு பேருக்குமே மருந்து.

மாத்திரைப் பெயர்களை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஓலான்ஸபின் பசியைக் கிளப்பும். ராத்திரி ஃபிரிட்ஜ் காலியாவதற்குக் காரணம் பையனின் பேராசை இல்லை. எடையையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். குளோஸபின் சாப்பிடுபவருக்கு வெள்ளையணு எண்ணிக்கைப் பரிசோதனை தவறக்கூடாது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வேறு நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவராக இருந்தால் வாந்தி, பேதி, வெயிலில் தண்ணீர் வற்றுவது எல்லாம் ஆபத்து. சாம்பாரில் மாத்திரையைப் பொடித்துப் போடும் வழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தெரிந்துவிட்ட நாளிலிருந்து பிள்ளை அந்த வீட்டுச் சாப்பாட்டையே தொட மாட்டான். மாத்திரை மறுக்கிறவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போடும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

காசு பெரிய கவலை என்றால் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1996-ல் நாட்டில் அது தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் எங்கள் திருச்சியும் ஒன்று. தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்த நாள் வருகிறார் என்று விசாரித்து வைத்தால் அக்காவுக்கு ஒரு பஸ் பயணம் மிச்சம்.

கோயில் விஷயத்தில் சண்டை போடாதீர்கள். திருச்சிக்காரர்களுக்குக் குணசீலம் பெருமாள் கோயில் தெரியும், மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் இடம். 48 நாள் தங்கி வேண்டிக்கொள்வது பழைய வழக்கம். அக்காவும் போக ஆசைப்பட்டாள். நானே கூட்டிப்போனேன், மாத்திரைப் பட்டையைப் பையில் வைத்துக்கொண்டு. பெருமாளும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் கட்டிப்போடுகிற இடம் எதுவானாலும் அங்கே விடவே கூடாது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

அத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பாக்கள் பேச மாட்டார்கள், கோபப்படுவார்கள், இல்லாவிட்டால் வெளியே போய்விடுவார்கள். அவரை உட்காரவைத்து "மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டால் வராது. சைக்கிள் டியூப் ஒட்டும்போதோ, மோட்டார் சரிபார்க்கும்போதோ வரும். அப்புறம் பையனின் தங்கை. அண்ணன் விஷயம் தெரிந்தால் தனக்கு வரன் வராது என்ற பயத்தோடு வளர்ந்த பெண். எல்லோரும் அவனைப் பற்றியே பேசும் வீட்டில் அவளுடைய மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

நிலைமை மோசமாகும் நாளுக்கான ஏற்பாட்டை அமைதியான நாளிலேயே செய்துவிடுங்கள். யார் வண்டி எடுப்பது, யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டலாம். 108-ஐயும், அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐயும் அதிலேயே எழுதுங்கள். டெலி மானஸில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், பார்த்துக்கொள்பவரும் தனக்காகக் கூப்பிடலாம். பையன் ஆவேசமாக இருக்கும்போது நாலு பேர் சூழ்ந்து நிற்கக் கூடாது. ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், வாசலை மறிக்காமல் பேசட்டும். தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று அவன் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க அதே 2017 சட்டத்தில் வழி இருக்கிறது.

அக்கா ஒருநாள் "இவனையும் கூட்டிக்கிட்டு நானும் போயிடலாம்னு தோணுது" என்று சொல்லலாம். "அப்படியெல்லாம் பேசாதே" என்று அடக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா அக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடக்கூடாது. மாத்திரை டப்பாவையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மனநல டாக்டரிடமோ அவசரப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். அவளுக்கும் சிகிச்சை தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பேச்சுக்கு அடியில் பெரும்பாலும் "எனக்கப்புறம் யார் பார்ப்பாங்க?" என்ற கேள்விதான் இருக்கும். "நாங்க இருக்கோம்" என்று சொன்னால் போதாது, காகிதமாகக் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஓர் ஊனம்தான். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பல திட்டங்களுக்கு வழி திறக்கும். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் காப்பாளர் ஆகலாம் என்று பலர் அலைவார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றுக்கு, மனநோய்க்கு இல்லை. அத்தானும் ரயில்வேயில்தான் இருந்தார். சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் உள்ள பிள்ளைக்கு 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்து, பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையில் பிள்ளை பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது, பிறகு அலைச்சல் அதிகம். நானும் அத்தானும் மருத்துவச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அந்த வேலையை முடித்தோம். அசல் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது, ஒரு செட் ஜெராக்ஸ் என் வீட்டில், இன்னொன்று அவன் தங்கையிடம்.