மௌனப்படம் பார்த்துப் பழக ஒரு டேனிஷ் நகைச்சுவை

மௌனப்படம் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது 1925-இல் வந்த ஒரு டேனிஷ் படத்தை. இயக்கியவர் கார்ல் தியோடர் டிரையர். ‘மாஸ்டர் ஆஃப் தி ஹவுஸ்’ என்று தேடுங்கள். டேனிஷ் தலைப்புக்கு ‘உன் மனைவியை நீ மதிக்க வேண்டும்’ என்று பொருள். ஸ்வென் ரின்டோம் எழுதிய ‘கொடுங்கோலனின் வீழ்ச்சி’ என்ற மேடை நாடகம்தான் மூலம்.

1. கதையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தொழிலை இழந்த விக்டர், அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டில் காட்டுகிறார். மனைவி ஈடா ஓடாய்த் தேய்கிறாள். விக்டரைச் சிறுவயதில் வளர்த்த மாட்ஸ் பாட்டி, ஈடாவை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அவரைத் திருத்தக் கிளம்புகிறாள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

2. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். காட்சிகளுக்கு நடுவே எழுத்தில் வரும் வசன அட்டைகள் டேனிஷில் இருக்கும்; சப்டைட்டில் உள்ள பிரதியாகப் பாருங்கள். போனைத் தள்ளி வையுங்கள். பேசும் படத்தில் தலையைக் குனிந்தாலும் காது கதையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே கண்ணை எடுத்தால் கதையே போய்விடும்.

3. முதல் இருபது நிமிடம் ஈடாவின் கைகளை மட்டும் பாருங்கள். இதுதான் முக்கியம். விக்டர் எழுவதற்கு முன்பே அந்தக் கைகள் ஓடத் தொடங்கிவிடும். தன் ரொட்டியில் தடவிய வெண்ணெயைச் சுரண்டி அவர் ரொட்டியில் தடவுவாள். ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்த வீட்டின் வறுமை, அவளுடைய அன்பு, அவருடைய அலட்சியம் எல்லாம் அதில் வந்துவிடும். ஒரு தாளில் அவள் செய்யும் வேலைகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

4. அப்புறம் வீட்டைக் கவனியுங்கள். நாடகத்திலிருந்து வந்த கதை என்பதால் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நடக்கும். டிரையர் அதற்காக ஸ்டுடியோவில் தண்ணீர், எரிவாயு, மின்சார இணைப்புகளோடு ஒரு முழு வீட்டையே கட்டினார். அதனால்தான் நடிகர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள் போலப் புழங்குகிறார்கள்.

5. மாட்ஸ் பொறுப்பேற்றதும் அந்தத் தாளை மறுபடி எடுங்கள். ஈடா செய்த வேலைகளில் எவையெல்லாம் விக்டரின் கைக்கு வருகின்றன என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். மகனை மூலையில் நிற்கவைத்த மனிதர் தானே மூலையில் நிற்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் இரக்கமும் வந்தது. மாட்ஸாக வரும் மத்தில்டா நீல்சனின் முகத்துக்காகவே அந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

6. முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் சுவர்க் கடிகாரத்தின் ஊசலை அருகில் காட்டுவார்கள். அது என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.