ஒரு பூவை அறுத்துப் பார்த்துச் செடியின் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாழையை மரம் என்கிறோம். ஆனால் அதன் தண்டு என்று நாம் நினைப்பது ஒன்றை ஒன்று சுற்றி நிற்கும் இலையுறைகள்தான். கட்டை என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. கடற்கரையில் வரிசையாக நிற்கும் சவுக்கைப் பார்த்தால் பைன் மரத்துக்குச் சொந்தம் என்று தோன்றும். அதுவும் இல்லை. ஊசி போலத் தெரிவது இலையே அல்ல, பச்சை நிறக் குச்சி. அதன் முட்டில் லென்ஸை வைத்துப் பார்த்தால் செதில் அளவுக்குச் சுருங்கிப்போன இலைகள் தெரியும். சவுக்கு பூக்கிற மரம். பைன் பூப்பதில்லை.

உயரம், இலை, தோற்றம் இவற்றை மட்டும் வைத்துச் செடிகளைப் பிரித்தால் இப்படித்தான் ஏமாந்துபோவோம். மண்ணும் மழையும் மாறும்போது இலையின் வடிவம் சீக்கிரம் மாறிவிடும். பூவின் அமைப்பு அவ்வளவு எளிதாக மாறாது. அதனால் ஒரு செடி எப்படி இனப்பெருக்கம் செய்கிறது என்று பார்ப்பதுதான் அதன் உறவுகளைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி. பள்ளியில் இனப்பெருக்கத்தை ஒரு பாடமாகவும் வகைப்பாட்டை வேறொரு பாடமாகவும் நடத்துகிறார்கள். இங்கே இரண்டையும் சேர்த்தே செய்துபார்ப்போம்.

தேவையானவை: ஒற்றை அடுக்குச் செம்பருத்திப் பூ இரண்டு, ஒரு வெண்டைப் பூ, ஒரு பிஞ்சு வெண்டைக்காய், புது பிளேடு, குண்டூசி, வெள்ளைத்தாள், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு நோட்டு. சிறுவர்கள் செய்வதாக இருந்தால் பிளேடு பெரியவர் கையில் இருக்கட்டும். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். அதில் மகரந்தத்தாள்கள் (மகரந்தம் தரும் ஆண் உறுப்புகள்) பலவும் இதழ்களாக மாறியிருக்கும். எது எது என்று புரியாது.

படி 1: பூக்கிற செடியா என்று பாருங்கள்

முதல் பிரிவினை இங்கேதான். ஈரச் சுவரில் வெல்வெட் விரித்தது போல் படரும் மாஸுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. பெரணிக்கும் அப்படியே. பெரணி இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நோய் வந்துவிட்டது என்று பயந்து மருந்தடிக்க வேண்டாம். அவை வித்துகள் (விதையல்ல, ஸ்போர் என்னும் நுண்துகள்கள்) நிறைந்த பைகளின் கூட்டம்.

புள்ளிகள் நன்றாகப் பழுத்த ஒரு இலையை, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்தால் தாளில் தூள் படிந்திருக்கும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. ஈரமண்ணில் விழுந்தால் அது நேரடியாகப் பெரணியாக முளைக்காது. முதலில் சில மில்லிமீட்டர் அகலத்தில், இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு உருவாகும். அந்தத் தகட்டில்தான் ஆண் அணுவும் பெண் அணுவும் தோன்றுகின்றன. ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர வேண்டும். பெரணிகள் ஈரமான இடத்தைத் தேடி வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு கூட்டத்துக்கு விதை உண்டு, பூ கிடையாது. பூங்காக்களில் குட்டி ஈச்சமரம் போல நிற்கும் சைகஸ் அப்படிப்பட்டது. பெண் சைகஸில் இலை போன்ற செதில்களின் ஓரத்தில் விதைகள் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும். அவற்றை மூட சூல்பை, அதாவது பூவுக்குள் விதை உருவாகும் பை, இல்லை. அதனால் இவற்றைத் திறந்தவிதைத் தாவரங்கள் என்கிறோம். பைனும் இந்தக் கூட்டம்தான். சூல்பைக்குள் விதையை மூடிவைத்திருப்பவை மூடுவிதைத் தாவரங்கள். சவுக்கு முதல் செம்பருத்தி வரை பூக்கும் எல்லாமே இதில் அடக்கம். இனி நம் வேலை இவற்றோடுதான்.

படி 2: செம்பருத்தியை வெளியிலிருந்து உள்ளே பிரியுங்கள்

இதில் அவசரப்பட வேண்டாம். பிய்த்தெடுக்கும் ஒவ்வொரு பகுதியையும் தாளில் வரிசையாக வைத்து எண்ணிக்கையை எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் வெளியே, காம்பு முடியும் இடத்தில் மெல்லிய பச்சைத் துணுக்குகள் ஒரு வட்டமாக நிற்கும். இது புறப்புல்லி வட்டம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை; நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். அதற்கு உள்ளே கிண்ணம் போல் சேர்ந்திருப்பது புல்லிவட்டம், நுனியில் ஐந்து பல். அடுத்து ஐந்து இதழ்கள், அல்லிவட்டம். மொட்டு ஒன்றைப் பார்த்தால் ஒரு இதழின் ஓரம் அடுத்த இதழின் மேல் ஏறித் திருகியிருப்பது தெரியும்.

நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழல்தான் இந்தப் பூவின் அடையாளம். எத்தனையோ மகரந்தத்தாள்கள் அடியில் ஒன்றாக இணைந்து ஒரே குழலாகியிருக்கின்றன. குழலின் மேல்பாதியில் குட்டிக் குட்டிக் காம்புகளில் மகரந்தப்பைகள் தொங்கும். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டும். செம்பருத்தியின் மகரந்தம் பெரியது; லென்ஸில் உருண்டை உருண்டையாகத் தெரியும்.

இப்போது பிளேடால் அந்தக் குழலை நீளவாக்கில் மெதுவாகக் கீறுங்கள். உள்ளே இன்னொரு மெல்லிய தண்டு ஓடுகிறது அல்லவா? அதுதான் சூல்தண்டு. குழலின் நுனிக்கு வெளியே வந்து ஐந்தாகப் பிரிந்து, ஐந்து சிவப்புக் குமிழ்களாக முடியும். அவை சூல்முடிகள். கீழே போனால் சூல்தண்டு ஒரு சிறு பச்சை உருண்டையில் சேரும். அதுதான் சூல்பை.

படி 3: சூல்பையைக் குறுக்கே வெட்டுங்கள்

சின்னதாக இருப்பதால் கை நடுங்கும். முதலில் பிஞ்சு வெண்டைக்காயில் பழகுங்கள். வெண்டைக்காய் என்பது வளர்ந்த சூல்பைதான். குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் நடு அச்சை ஒட்டி விதைகள். செம்பருத்தியின் சூல்பையிலும் லென்ஸில் இதே படம் தெரியும். அந்த வெள்ளைப் புள்ளிகள் சூல்கள், பின்னால் விதையாகப் போகிறவை.

சரி, செம்பருத்தி ஏன் நம் வீட்டில் காய்ப்பதே இல்லை? தோட்டத்து வகைகள் பெரும்பாலும் விதை வைப்பதில்லை. குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறோம். மரவள்ளி, இஞ்சி, இலை ஓரத்தில் குட்டி போடும் ரணகள்ளி எல்லாம் இதே வழி. பூவின் உதவியில்லாமல் நடக்கும் இந்தப் பெருக்கத்தில் புதுச்செடி தாயின் மறுபிரதி. விரும்பிய நிறம் மாறாமல் கிடைப்பது லாபம்; தாயைத் தாக்கும் நோய் அத்தனை பிள்ளைகளையும் தாக்கும் என்பது ஆபத்து. வாழையும் இப்படித்தான். பழத்தின் நடுவில் தெரியும் சிறு கறுப்புப் புள்ளிகள் விதையாக வளராமல் நின்றுபோன சூல்கள்.

படி 4: மகரந்தம் விழுந்தபின் நடப்பதைத் தேங்காயில் பாருங்கள்

சூல்முடியில் விழுந்த மகரந்தத்தூள் முளைத்து ஒரு நுண்குழாயை விடுகிறது. அது சூல்தண்டுக்குள் இறங்கிச் சூலை அடைகிறது. குழாய் வழியே இரண்டு ஆண் அணுக்கள் வருகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலுக்குள் இருக்கும் வேறு இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கான உணவுத் திசுவை உருவாக்குகிறது. இதுதான் இரட்டைக் கருவுறுதல். 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கெய் நவாஷின் இதைக் கண்டுபிடித்தார். பூக்கும் தாவரங்களின் தனி அடையாளம் இது.

அந்த உணவுத் திசுவைப் பார்க்க நுண்நோக்கி தேவையில்லை. இளநீரும், அதன் வழுக்கையும், பின்னால் கெட்டியாகும் தேங்காய்ப் பருப்பும் அதுவேதான். கரு எங்கே? மூன்று கண்களில் குத்தினால் துளை விழும் அந்த மெத்தென்ற கண்ணின் அடியில் சின்னதாக இருக்கிறது. முளைக்கும்போது கருவின் வித்திலை, அதாவது விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலை, உள்ளே ஊதிப் பெருத்து, பருப்பை உறிஞ்சிக்கொள்ளும். நாம் ஆசையாகத் தின்னும் தேங்காய்ப்பூ அந்த வித்திலைதான். ஒரு தேங்காயை உடைத்தால் இந்தப் பாடம் முழுதும் அதில் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மக்காச்சோளக் கதிரையும் பாருங்கள். ஒவ்வொரு பட்டுநூலும் ஒரு மணிக்கு உரியது. நூலில் மகரந்தம் சேரவில்லை என்றால் அந்த இடத்தில் மணி இருக்காது.

படி 5: ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருந்தால்

பூசணிக் கொடியில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு இந்தப் படி. பூசணியில் ஒரே கொடியில் இரண்டு வகைப் பூ. ஆண் பூவுக்கு மெல்லிய நீண்ட காம்பு. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பூசணி. செம்பருத்தியில் சூல்பை இதழ்களுக்கு மேலே இருந்தது, இங்கே கீழே. இந்த வேறுபாட்டையும் நோட்டில் எழுதுங்கள், குடும்பம் பிரிக்க உதவும்.

முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்களே. அதனால் காய்க்காத கொடி என்று அறுத்துவிட வேண்டாம். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் போகாது. தேனீ வராத மாடியில் நாம்தான் சேர்க்க வேண்டும். காலையில் பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேயுங்கள். பூசணிப் பூ ஒரு காலைப் பொழுதுக்குத்தான், மதியம் வாடிவிடும். சுரை, பீர்க்கு இரண்டுக்கும் இதை மாலையில் செய்யுங்கள், அவை விரிவது அப்போதுதான்.

பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரமும் உண்டு.

படி 6: ஒருவித்திலையா, இருவித்திலையா?

பச்சைப்பயறையும் மக்காச்சோளத்தையும் ஈரத்துணியில் முளைகட்டுங்கள். பயறு இரண்டாகப் பிளக்கும், சோளம் பிளக்காது. விதை கிடைக்காதபோது வேறு அடையாளங்கள்: ஒருவித்திலைத் தாவரத்தில் நரம்புகள் பெரும்பாலும் இணையாக ஓடும், வேர் கொத்தாக இருக்கும், பூவின் உறுப்புகள் மூன்று மூன்றாக வரும். இருவித்திலையில் வலை நரம்பு, ஆணிவேர், நான்கு அல்லது ஐந்தின் கணக்கு. ஒரே அடையாளத்தை நம்பிவிடாதீர்கள். சேம்பு ஒருவித்திலைதான், ஆனால் அதன் இலையில் நரம்புகள் வலை போலப் பின்னியிருக்கும்.

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி, புறத்தில் வைரம் (கெட்டியான பாகம்) உள்ளவற்றைப் புல் என்றும், அகத்தில் வைரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் வெளியில்தான் கெட்டி. வேம்பும் தேக்கும் உள்ளே. இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. அறுத்துப் பார்த்த கண்கள்தான் இதைச் சொல்லியிருக்க முடியும்.

படி 7: குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

வெண்டைப் பூவைச் செம்பருத்தியின் பக்கத்தில் வைத்துப் பிரியுங்கள். நிறம் வேறு, காய் வேறு. ஆனால் ஐந்து திருகிய இதழ்கள், ஒரே குழலான மகரந்தத்தாள்கள், குழலுக்குள் சூல்தண்டு, எல்லாம் அப்படியே. பூவரசையும் பருத்தியையும் எடுத்துப் பாருங்கள், அதே குழல். எல்லாம் மால்வேசி குடும்பம். வேலியோரத் துத்தியிலும் குழல் உண்டு. ஆனால் புறப்புல்லி வட்டம் இல்லை, சூல்பையில் அறைகளும் அதிகம். படி 2இல் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். குழல் குடும்பத்தைச் சொல்கிறது. புறப்புல்லியும் அறைகளின் எண்ணிக்கையும் குடும்பத்துக்குள் யார் யார் என்று பிரிக்கின்றன.

சுவீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் லின்னேயஸ் 1735இல் மகரந்தத்தாள்களை எண்ணியும், அவை இணைந்திருக்கும் விதத்தைப் பார்த்தும் செடிகளைப் பிரித்தார். எளிய முறை, ஆனால் எண்ணிக்கை ஒன்றாக இருந்த காரணத்தாலேயே உறவில்லாத செடிகளும் ஒரே கூட்டத்தில் சேர்ந்தன. 1862 முதல் 1883 வரை பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் பெந்தமும் ஹூக்கரும் பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு வரிசையை உருவாக்கினார்கள். நம் கல்லூரிகளில் அதிகம் படிப்பது இதைத்தான். 1998 முதல் மரபணுவை ஒப்பிட்டு வரும் புதிய முறையில் மால்வேசி இன்னும் பெரிதாகிவிட்டது: இலவம், கோகோ, சணல் எல்லாம் இப்போது அதற்குள். தொடங்குகிறவர்களுக்கு என் கருத்து, முதலில் பெந்தம், ஹூக்கர் முறையைப் பழகுங்கள். கண்ணால் பார்த்தே அதில் நெடுந்தூரம் போகலாம்.

படி 8: பெயரை எழுதுங்கள்

நாம் செம்பருத்தி என்பது இலங்கையில் செவ்வரத்தை. உலகம் முழுதும் ஒரே பெயர் வேண்டும் என்றால் லின்னேயஸ் 1753இல் நிலைப்படுத்திய இருசொல் பெயர்: ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். முதல் சொல் பேரினம், இரண்டும் சேர்ந்தால் சிற்றினம். வெண்டை, ஏபெல்மாஸ்கஸ் எஸ்குலெண்டஸ். பூவரசு, தெஸ்பீசியா பாபுல்னியா.

நோட்டில் பெயர், குடும்பம், இடம், தேதி, பூவின் நிறம் ஐந்தும் இருக்கட்டும். பூவோடு கூடிய ஒரு கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, நாள்தோறும் தாளை மாற்றிக் காயவிடுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும், அதனால்தான் அதை முதலிலேயே எழுதச் சொல்கிறேன்.

அடுத்ததாகத் தும்பையையும் துளசியையும் எடுங்கள். தண்டை விரலில் உருட்டிப் பார்த்தால் நாலு முனை தட்டும். பூ மேலுதடு, கீழுதடு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். காய்ந்த புல்லிக் கிண்ணத்தைத் தாளில் தட்டினால் விதை போன்ற சிறு கொட்டைகள் விழும். ஒரு கிண்ணத்தில் நான்கு வரை எண்ணலாம். அந்தக் குடும்பத்தின் பெயர் லேமியேசி.