சொன்னாரா, சீறினாரா? கட்சிச் செய்தியைப் பார்க்க ஒரு பென்சில் முறை

முப்பத்தோரு ஆண்டுகள் நாளிதழ்களில் பிழை திருத்திப் பிழைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. இரவுச் செய்திக்கு உட்காரும்போது மடியில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கும். 'அந்தத் தொலைக்காட்சி பொய் பரப்புகிறது' என்று ஒரு தலைவர் மேடையில் கொதித்த அன்று, யாரைத் தாத்தா நம்புவது என்று பேத்தி கேட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் இது.

முதலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள். ஒரே பேச்சுக்கு ஒரு தாள் 'விளக்கம் அளித்தார்' என்று போடும், இன்னொன்று 'மழுப்பினார்' என்று போடும். 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினால், அதுவரை எதையோ ஒளித்து வைத்திருந்தார் என்று சொல்லாமல் சொல்லியாயிற்று. அந்த வினைகளை எல்லாம் அடித்துவிட்டு 'கூறினார்' என்று எழுதுங்கள். மிஞ்சுவதுதான் செய்தி. சில நாள் ஒன்றுமே மிஞ்சாது.

பிழை திருத்துபவனின் கிறுக்கு என்று நினைக்காதீர்கள். 2003-இல் முதல்வர் ஜெயலலிதாவின் சட்டமன்றப் பேச்சை 'தி இந்து' வர்ணித்த சில சொற்களும், அதைத் தொடர்ந்து ஏப்ரல் 25 அன்று வந்த தலையங்கமும்தான் சட்டமன்ற உரிமை மீறல் ஆயின. நவம்பர் 7 அன்று அந்த நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும், தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட 'முரசொலி' ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததால் தப்பினார்கள்.

ஆகவே தலைவர் கோபப்பட்டால் அடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: தகவல் தவறு என்கிறாரா, சொல் பிடிக்கவில்லை என்கிறாரா? தேதி, தொகை, இடம் என்று எதையாவது குறிப்பிட்டு மறுத்தால் அதை நோட்டில் எழுதி, மறுநாள் சரிபாருங்கள். 'விஷமிகள்', 'விலைபோனவர்கள்' என்ற வசவு மட்டும் வந்தால் பக்கத்தைக் காலியாக விடுங்கள். 1987-இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த அட்டைப்பட நகைச்சுவைக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. சில நாளில் வெளியே வந்தவர், வழக்குப் போட்டு 1000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார். ஜோக்கில் எந்தத் தகவலை மறுப்பது?

காட்சிக்கு வேறு வைத்தியம். நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரே சம்பவத்தை இரு எதிரெதிர்த் தொலைக்காட்சிகளில் பாருங்கள். காட்சி எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே வெட்டு விழுகிறது, யார் முகம் தெரிகிறது என்பதை மட்டும் குறியுங்கள். 2001 ஜூன் 30 நள்ளிரவில் கருணாநிதி கைதானபோது, போலீசார் அவரை இழுத்துச் செல்வதைச் சன் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. போலீசார் தள்ளப்படும் காட்சிகள் ஜெயா தொலைக்காட்சியில் ஓடின. ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். இரண்டும் படம் பிடிக்கப்பட்டவைதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

யாருடைய தொலைக்காட்சி என்று தெரிந்துகொள்வதும் வேண்டும். ஆனால் அதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். சன் தொலைக்காட்சியும் 'தினகரன்' நாளிதழும் கருணாநிதியின் உறவினரான மாறன் குடும்பத்துடையவை. அந்தத் 'தினகரன்', 2007-இல் அவருடைய அரசியல் வாரிசு யார் என்று கருத்துக்கணிப்பு வெளியிட்டது. மே 9 அன்று அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது. இறந்தவர்கள் கம்ப்யூட்டர் பொறியாளர்கள் இருவர், காவலாளி ஒருவர். கணிப்பில் ஒரு வரிகூட அவர்கள் எழுதியதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கருணாநிதி தரப்புக்கென்று தனியாகக் கலைஞர் தொலைக்காட்சி வந்துவிட்டது. பழைய பட்டியலை வைத்திருந்தவன் அன்று திகைத்துத்தான் போயிருப்பான்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால், சர்ச்சைக்குரிய பேச்சின் முழுக் காணொளியை இணையத்தில் தேடி, அந்த வரிக்கு முந்திய இரண்டு நிமிடத்தையும் பிந்திய இரண்டு நிமிடத்தையும் மட்டும் கேளுங்கள். பேத்தி இப்போது அப்படித்தான் செய்கிறாள். நோட்டு அவளிடம் போய்விட்டது. போன வாரம் ஒரே தலைவருக்கு ஒன்பது 'கர்ஜித்தார்' எண்ணியிருக்கிறாள்.