டர்பனில் மருத்துவமனைக் காத்திருப்பும் கடைகளின் ரேட்ஸ் வரியும்: எதை, யாரிடம், எப்போது கேட்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் உள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் ஆகிய இடங்களில் கடை வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. மாதந்தோறும் இவ்வளவு ரேட்ஸ் (நகராட்சிச் சொத்து வரி) கட்டுகிறோமே, அரசு மருத்துவமனைக்குப் போனால் ஏன் விடியற்காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது என்பதே அது. குறை நியாயமானதுதான். ஆனால் அதை வார்டு கவுன்சிலரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் பலன் கிடைப்பது அரிது, ஏனெனில் கடைக்காரர் கட்டும் வரியும் மருத்துவமனை செலவிடும் பணமும் பெரும்பாலும் வெவ்வேறு கருவூலங்களைச் சேர்ந்தவை. அவை இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது; அதை அறிந்து, உரியவரிடம் உரிய மாதத்தில் கேட்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

பணம் வரும் வழி

தென்னாப்பிரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் 4ஆம் அட்டவணை, சுகாதாரச் சேவையைத் தேசிய அரசும் மாகாண அரசும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பாக வைத்திருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஆர். கே. கான் மருத்துவமனை, ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, கடற்கரையோரத்து ஆடிங்டன் ஆகியவை குவாசூலு-நட்டால் மாகாண சுகாதாரத் துறையின் கீழ் இயங்குகின்றன. மாகாணத்தின் வருவாயில் மிகப் பெரும் பகுதி தேசிய அரசு பகிர்ந்தளிக்கும் நிதியாகவும், குறிப்பிட்ட செலவுக்கென்றே தரும் நிபந்தனை மானியங்களாகவும் வருகிறது; வாகன உரிமக் கட்டணம், சூதாட்ட வரி போன்ற மாகாணத்தின் சொந்த வருவாய் அதில் சிறு பங்கே. ஆகவே கடைத்தெருவில் வியாபாரம் செழித்தாலும் நொடித்தாலும் அந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களின் எண்ணிக்கை அதனால் நேரடியாக மாறுவதில்லை.

உள்ளூர் வியாபாரத்தின் மீதே விதிக்கப்பட்ட வரி ஒன்று முன்பு இருந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த வட்டாரச் சேவைக் குழுத் தீர்வை, நிறுவனங்களின் சம்பளத் தொகையையும் விற்பனைத் தொகையையும் அடிப்படையாகக் கொண்டு வசூலிக்கப்பட்டது. 2006 ஜூலை 1 முதல் அது நீக்கப்பட்டது. ஈடாகத் தேசிய அரசு மானியம் கொடுத்தது, பின்னர் 2009இலிருந்து எரிபொருள் தீர்வையில் ஒரு பங்கைப் பெருநகராட்சிகளுக்குத் தரத் தொடங்கியது. இன்று டர்பனை ஆளும் எத்தெக்வினி பெருநகராட்சி வியாபாரிகளிடமிருந்து பெறும் முதன்மையான வரி, 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டப்படி விதிக்கப்படும் ரேட்ஸ்தான். அது வருமானத்தின் மீதான வரி அன்று. கட்டடத்தின் சந்தை மதிப்பை, ராண்டுக்கு இத்தனை சென்ட் என்று அறிவிக்கப்படும் விகிதத்தால் பெருக்கி வரும் தொகை. கணக்குக்காக விகிதம் மூன்று சென்ட் என்று வைத்துக்கொண்டால், இருபது இலட்சம் ராண்ட் மதிப்புள்ள கடைக்கு ஆண்டுக்கு அறுபதாயிரம், மாதத்துக்கு ஐயாயிரம் ராண்ட் ஆகும். வாடகைக்குக் கடை நடத்துபவர் மெட்ரோ பில்லை (நகராட்சி அனுப்பும் பில்லை) தம் பெயரில் பார்க்காவிட்டாலும், வாடகையின் வழியாக இந்த வரியை அவரே சுமக்கிறார்.

வரி கட்டடத்தின் மீது இருப்பதால், வியாபாரம் படுத்தாலும் கடன் ஓடிக்கொண்டே இருக்கும். 2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் அடிபட்ட கடைத்தெருக்களில் இதை எல்லோரும் கண்டோம். நகராட்சியின் கணக்கில் வரி விதிப்பு எழுதப்பட்டபடியே இருக்கும், வசூல்தான் குறைந்து பாக்கி பெருகும். எனவே பட்ஜெட் புத்தகத்தைப் படிக்கும்போது விதிக்கப்பட்ட தொகையை மட்டும் பார்க்காமல் வசூலான விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

அரசியலமைப்பு நகராட்சிக்கு விட்டுவைத்திருக்கும் சுகாதாரப் பணி குறுகியது. குடிநீரின் தரம், உணவகங்களின் தூய்மை, கொசு, எலி ஒழிப்பு போன்ற சுற்றுப்புறச் சுகாதாரமே அது. ஆனாலும் எத்தெக்வினி பல ஆண்டுகளாகத் தன் பெயரிலேயே ஆரம்ப சுகாதாரக் கிளினிக்குகளை நடத்திவருகிறது. அவற்றுக்கு மாகாணம் ஒப்பந்தப்படி பணம் தருகிறது. அது போதாத இடத்தில் நகராட்சி தன் சொந்த வருவாயிலிருந்து ஈடுகட்டுகிறது. உங்கள் ரேட்ஸ் காத்திருப்பு நேரத்தைத் தொடுவது இங்கேதான். கிளினிக்கில் செவிலியரோ மருந்தோ இல்லையென்றால், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள முதியவர்கள் பெரிய மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறார்கள், அங்கே வரிசை நீள்கிறது. மருத்துவமனை வரிசையைக் குறைக்க நகராட்சியால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், கிளினிக்குகளின் வேலை நேரத்தை நீட்டித்து ஆள் பலத்தைக் கூட்டுவதே என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதல் வேலையாக, நீங்கள் போகும் கிளினிக் நகராட்சியுடையதா மாகாணத்துடையதா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் இருக்கும், இல்லாவிட்டால் பொறுப்புச் செவிலியரைக் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, கிளினிக்குகளுக்குக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றும், அவற்றில் ஒரு நகராட்சிக் கவுன்சிலராவது, வட்டார மக்களில் ஒருவராவது, கிளினிக்கின் தலைவர் ஆகியோர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் கிளினிக்கில் அப்படியொரு குழு இயங்குகிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். இயங்கவில்லை என்ற பதில் வந்தால், உங்கள் முதல் கோரிக்கை அதுவாகவே இருக்கட்டும்.

காத்திருப்பைப் பதிவு செய்வது

"நாள் முழுக்க உட்கார வைத்தார்கள்" என்ற குறைக்கு எந்த அதிகாரியும் விடை தேட மாட்டார். கோப்பு எடுக்கும் சன்னல், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் இடம், மருத்துவர் அறை, இரத்தப் பரிசோதனை அல்லது எக்ஸ்ரே, மருந்தகம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்த நேரத்தையும் அங்கிருந்து வெளியேறிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோப்புக்காக இரண்டு மணி நேரம் போனது என்றால் குறை பதிவறையில் இருக்கிறது. மருந்துக்காகப் போனது என்றால் மருந்தாளர் பற்றாக்குறையோ மருந்து இருப்பின் குறையோ காரணமாயிருக்கும். இரண்டுக்கும் தீர்வு வேறு, செலவும் வேறு. கோயில் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் முதியோர் மன்றங்களும் இந்தத் தாள்களை ஒரே வடிவில் அச்சிட்டுக் கொடுத்து, பல வாரங்கள் திரட்டினால், ஒருவருடைய புலம்பல் ஒரு வட்டாரத்தின் சான்றாக மாறிவிடும். தாளில் நோயாளியின் பெயரோ அடையாள எண்ணோ நோயின் விவரமோ எழுத வேண்டாம். நாள், நேரம், பிரிவு ஆகியவை போதும்.

அவசரப் பிரிவில் வரிசை வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை. நோயின் தீவிரத்துக்கு ஏற்ப நிறம் தரும் தென்னாப்பிரிக்கத் தரம்பிரிப்பு முறைப்படி சிவப்பு நோயாளிக்கு உடனடியாகவும், ஆரஞ்சுக்குப் பத்து நிமிடத்துக்குள்ளும், மஞ்சளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், பச்சைக்கு நான்கு மணி நேரத்துக்குள்ளும் மருத்துவ கவனிப்பு கிடைக்க வேண்டும். உங்களுக்கு எந்த நிறம் தரப்பட்டது என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பச்சை நிறத்தில் மூன்று மணி நேரம் இருந்ததும் ஆரஞ்சு நிறத்தில் மூன்று மணி நேரம் இருந்ததும் ஒரே குறை அல்ல. இரண்டாவது அன்றே மேலாளரிடம் எழுத்தில் போக வேண்டிய குறை.

நோய் கட்டுக்குள் இருந்து மாதாமாதம் மருந்து மட்டும் வாங்குபவர்கள், மருத்துவமனைக்கு வெளியே தனியார் மருந்துக்கடை போன்ற இடங்களில் அதை இலவசமாகப் பெறும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர முடியுமா என்று அடுத்த முறை மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கும் சிறப்பு மருத்துவத்துக்கும் உள்ள காத்திருப்போர் பட்டியல் தனி விஷயம். அங்கே மாதங்களும் ஆண்டுகளும் கணக்கு. உங்கள் பெயர் எந்தத் தேதியில் பட்டியலில் ஏறியது, யார் அதை மறுபரிசீலனை செய்கிறார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்ரமணி என்பவர் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் ஆடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டுத் தொடுத்த வழக்கில், 1997 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இருக்கும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பொறுப்பிலுள்ளவர்கள் நல்லெண்ணத்தோடும் அறிவுக்குப் பொருந்தவும் எடுக்கும் முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வேதனையான தீர்ப்பு அது. ஆயினும் பணம் இல்லை என்ற பதிலை எதிர்கொள்ள வேண்டியவர் பட்ஜெட்டைப் படித்திருக்க வேண்டும் என்பதை அது தெளிவாக்குகிறது. 2017இல் நிலைமை வேறாக இருந்தது. ஆடிங்டனிலும் இன்கோசி ஆல்பர்ட் லுத்தூலி மருத்துவமனையிலும் புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகக் காத்திருந்த காலம் அவர்களுடைய உரிமையை மீறியது என்று தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. பழுதான கருவிகள், போதாத நிபுணர்கள் என்ற விவரங்கள் முன்வைக்கப்பட்டதால் வந்த முடிவு அது.

பட்ஜெட்டில் எதைப் பார்ப்பது

நகராட்சிகளின் பட்ஜெட் புத்தகங்கள் நாடு முழுவதும் ஒரே வடிவில் இருப்பது நமக்கு வசதி. எஸ்.ஏ.12 என்ற அட்டவணை, குடியிருப்பு, வணிகம் என்று சொத்து வகை வாரியாக ரேட்ஸ் விவரத்தைத் தரும், விகிதங்கள் எஸ்.ஏ.13இல் இருக்கும். ஏ.2 அட்டவணையில் சமூகமும் பொதுப் பாதுகாப்பும் என்ற தலைப்பின் கீழ் சுகாதாரம் என்ற பதிவு இரண்டு முறை வரும், ஒரு முறை வருவாயாகவும் ஒரு முறை செலவாகவும். செலவிலிருந்து வருவாயைக் கழித்தால் கிடைப்பது, நகராட்சி தன் பொது வருவாயிலிருந்து சுகாதாரத்துக்குப் போடும் தொகை. வணிக ரேட்ஸ் வருவாய் கூடும் வேகத்தோடு இந்தத் தொகை கூடும் வேகத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். கவுன்சிலர் கூட்டத்தில் நீங்கள் கேட்கக்கூடிய மிக வலுவான கேள்வி அந்த ஒப்பீட்டிலிருந்தே பிறக்கும். மாகாண பட்ஜெட்டில் சுகாதாரம் 7ஆம் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான ஒதுக்கீட்டுப் பகுதி. அதில் 2ஆம் திட்டம் கிளினிக்குகளையும் மாவட்ட மருத்துவமனைகளையும், 4ஆம் திட்டம் வட்டார மருத்துவமனைகளையும் உள்ளடக்கும்.

நாட்காட்டியைத் தவறவிடக் கூடாது. நகராட்சி நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்குத் தொண்ணூறு நாட்களுக்கு முன்பாவது, அதாவது மார்ச் இறுதிக்குள், மன்றத்தில் வைக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி நிர்வாகச் சட்டம் கூறுகிறது. ஏப்ரலும் மே மாதத்தின் முற்பகுதியும் மக்கள் கருத்துச் சொல்லும் காலம். மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால், அதன் முடிவுகள் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே உருவாகத் தொடங்கிவிடும். மார்ச்சில் எழுதும் கடிதம் அங்கே தாமதமானது.

கடிதம் சுருக்கமாக, ஒரே கோரிக்கையோடு இருக்கட்டும். "எங்கள் வட்டாரத்து நகராட்சிக் கிளினிக்கில் மருந்தகத்துக்கு மட்டும் நோயாளிகள் சராசரியாக இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், பதிவுத் தாள்களை இணைத்துள்ளோம். வரும் நிதியாண்டில் ஒரு மருந்தக உதவியாளர் பணியிடத்துக்கு நிதி ஒதுக்குமாறு கோருகிறோம்" என்ற அளவே போதும். நகராட்சியின் மக்கள் சேவை மையமான சிசாகலா மையத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை மீதான குறையை முதலில் அந்த மருத்துவமனையின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பதிவெண் பெறுங்கள். அங்கே தீராவிட்டால் மாகாணத் துறைக்கும், அதன் பிறகு சுகாதாரக் குறைகேள் அதிகாரிக்கும் கொண்டுபோகலாம். மருத்துவமனை தானே நடத்திய காத்திருப்பு நேரக் கணக்கெடுப்பையோ, கிளினிக் குறித்து நகராட்சியும் மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையோ பார்க்க விரும்பினால், 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 2ஆம் படிவத்தில் விண்ணப்பியுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். அப்போது அதே அமைப்பில் உள்மேல்முறையீடு செய்து, அதிலும் பயனில்லையென்றால் தகவல் ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிடுங்கள்.