டிப்ஸ் கொடுக்கும் முன் பில்லைப் படியுங்கள்

டிப்ஸ் என்று வைக்கும் பணம் வேலை செய்தவர் கைக்குப் போக வேண்டும். பல ஓட்டல்களில் அது கல்லாவிலேயே நின்றுவிடுகிறது. அதனால் பர்ஸை எடுக்கும் முன் பில்லைக் கடைசி வரி வரை பாருங்கள்.

‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், அது அரசுக்குப் போகும் வரி இல்லை. அதில் எவ்வளவு சர்வருக்குப் போகிறது என்பது முதலாளிக்குத்தான் தெரியும். இதைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து ஓட்டல் சங்கங்கள் போட்ட வழக்கை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கணக்கு இப்படி: சாப்பாடு 1,000 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்றால் 100. இந்த 1,100-க்கும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி 55. மொத்தம் 1,155. சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டால் 1,050 தான். “சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் கொடுங்க” என்று மேனேஜரிடம் கேளுங்கள். சர்வரிடம் கேட்காதீர்கள், அவரால் பில்லை மாற்ற முடியாது, திட்டு மட்டும் அவருக்கு விழும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். மிச்சமான 105 ரூபாயைச் சர்வர் கையில் கொடுத்தால் அதுதான் உண்மையான டிப்ஸ்.

ஜிபே வந்த பிறகு டிப்ஸ் குறைந்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, சில்லறை இல்லாததுதான். கடை க்யூஆரில் கூடுதலாகப் போட்டால் அது முதலாளி கணக்குக்குப் போகும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் சிலவற்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், “அண்ணே, உங்க ஜிபே நம்பர் சொல்லுங்க” என்று கேட்கலாம். கல்லாவில் பொது உண்டியல் இருந்தால், எப்போது பிரிப்பார்கள், யார் யாருக்குப் பங்கு என்று ஊழியரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள்.

டிபன் கடையில் ஒரு மேசைக்கு 10, 20 ரூபாய் போதும். ஏசி ஹாலில் பில்லில் 5 முதல் 10 சதவீதம். மேசை துடைப்பவருக்கு 10 ரூபாய் தனியாகக் கொடுங்கள். சர்வருக்கு வைக்கும் பணத்தில் அவருக்குப் பங்கு வரும் என்று நம்பிவிட முடியாது. எச்சில் இலையை எடுக்கும் கைக்கு எதுவும் போகாமல் இருப்பது அநியாயம். தோசை தாமதமானால் அது பெரும்பாலும் அடுப்படிச் சிக்கல், அதற்காகச் சர்வர் பணத்தைக் குறைக்காதீர்கள். லாட்ஜில் அறை சுத்தம் செய்பவருக்கு அன்றன்றே கொடுங்கள். கிளம்பும் நாளில் மொத்தமாக வைத்தால் அன்று ஷிஃப்டில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

உணவு டெலிவரிக்கு 20, 30 ரூபாய். மழையிலோ நள்ளிரவிலோ வந்தால் 50.

கேஸ் சிலிண்டருக்கு வேறு கணக்கு. வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம் பில் தொகையிலேயே இருக்கிறது. “ஐம்பது கொடுத்தாதான்” என்றால் அது டிப்ஸ் இல்லை. பில் தொகையை மட்டும் கொடுத்து, ஏஜென்சியில் புகார் செய்யலாம். ஆனால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 30 கிலோ எடையைத் தோளில் ஏற்றி வருபவருக்கு, அவர் கேட்காமலே கொடுப்பதுதான் முறை.

அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையைக் காட்டவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் கேட்கும் பணம் லஞ்சம். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்துப் பழக்கியதால்தான், இல்லாதவர்கள் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். வாக்குவாதம் வேண்டாம். வார்டு எண், நேரம், ஊழியர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், சுகாதார உதவி எண் 104-லும் சொல்லலாம். நோயாளி உள்ளே இருக்கும்போது பயமாக இருந்தால், டிஸ்சார்ஜ் ஆன அன்றே எழுதிக் கொடுங்கள்.