ஓவர்டைம் வந்த மாதத்தை வைத்து வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்

உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் வீட்டுக் கடனில் மாட்டிக்கொண்டால், ‘ஆடம்பரம்தான் காரணம்’ என்று சொல்லிவிட ஊரில் நாலு பேர் தயாராக இருப்பார்கள். பெரும்பாலும் கணக்கு தப்புவது வேறு இடத்தில். ஓவர்டைம், போனஸ், இரட்டை ஷிப்ட் எல்லாம் சேர்ந்து வந்த தொகையையே சம்பளம் என்று வைத்துத் தவணையை முடிவு செய்கிறார்கள். வேலை குறைந்தால் முதலில் வெட்டு விழுவது ஓவர்டைமுக்குத்தான். ஓராண்டுச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, ஆகக் குறைவாக வந்த மாதத்தில் தவணை போக மளிகைக்கும் பள்ளிக்கும் மிஞ்சுமா என்று பாருங்கள்.

கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் முழுசாகக் கடனுக்கு எழுதிக் கொடுப்பதும் இதே தவறுதான். குழந்தை பிறந்தால் ஒரு சம்பளம் சில மாதமாவது குறையலாம், நின்றும் போகலாம். அப்புறம் வேலைக்குத் திரும்பினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ‘பாட்டி பார்த்துக்குவாங்க’ என்பார்கள். பாட்டியிடம் கேட்டார்களா என்றால், இல்லை.

அடுத்தது, தவணை சின்னதாக இருக்கிறதே என்று காலத்தை நீட்டுவது. 9 சதவீத வட்டியில் 100 ரூபாயை 20 ஆண்டுக்கு வாங்கினால் மொத்தம் சுமார் 216 ரூபாய் கட்டுவீர்கள். அதையே 30 ஆண்டாக்கினால் தவணை பத்தில் ஒரு பங்குதான் குறையும். மொத்தமோ சுமார் 290 ஆகிவிடும். 20 ஆண்டுக் கடனிலேயே முதல் ஐந்து ஆண்டில் 54 ரூபாய் கட்டியிருப்பீர்கள், அசலில் கழிந்தது 11 ரூபாய்தான் இருக்கும். மாறும் வட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. கடன் வாங்கிய ஆரம்பத்திலேயே வட்டி 10 சதவீதமாக ஏறி, தவணையை மாற்றாமல் விட்டால் 20 ஆண்டுக் கடன் 26 ஆண்டைத் தாண்டும். தவணை மாறாததால் இது கண்ணிலேயே படாது. மறுபக்கம், ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் 9 சதவீதத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும். போனஸுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று மட்டும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கையிருப்பு முழுவதையும் முன்பணத்தில் கொட்டிவிடுவதும் ஆபத்து. குடிபோன மாதமே மோட்டார் பழுதாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கந்துவட்டிதான். மூன்று மாதச் செலவையாவது தொடாமல் வைக்க முடியவில்லை என்றால், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். அதுவரை, வரப்போகும் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள். தாங்குமா என்பதும் தெரிந்துவிடும், பணமும் சேரும்.

கடைசியாக, விலை குறைவு என்று வெகு தொலைவில் வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் எந்த இடமும் பக்கமாகத்தான் தெரியும். வேலைநாளில், உங்கள் ஷிப்ட் நேரத்துக்கு அங்கிருந்து ஒருமுறை கிளம்பிப் பாருங்கள். போக்குவரத்துச் செலவைத் தவணையோடு சேர்த்தே எழுதுங்கள்.