விண்கல்லை இழுத்து வராதீர்கள்: பாலினீசியக் கடலோடிகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு

கடல் வரலாறு எழுதப் பழகும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தருவது என் வேலைகளில் ஒன்று. சென்ற மாதம், பசிபிக் கடல் தீவுகளில் தோணியேறிப் போய்க் குடியேறிய பாலினீசியர்களைப் பற்றி ஒன்பது கட்டுரைகள் வந்தன. ஐந்தில் வானத்திலிருந்து கல் விழுந்திருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் அதே கல்லை நானும் விழவைத்தவன். தீவுப் பெயர்களைத் தப்பாக எழுதுவதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. வரைபடம் பார்த்தால் சரியாகிவிடும். அதைவிடப் பெரிய தவறுகள் கீழே.

கட்டுமரம் என்று எழுதுவது

ஆங்கிலத்தில் இரட்டைப் படகைக் குறிக்கும் 'கேட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். சொல்தான் போனது. மரக்கட்டைகளை அடுக்கிப் பிணைத்தால் கட்டுமரம். பாலினீசியர்களுடையது இரண்டு முழுத் தோணிகளைக் குறுக்குச் சட்டங்களில் தென்னை நார்க் கயிற்றால் கட்டியது. நடுவில் மேடை, அதில் ஆட்கள், பன்றி, கோழி, நடுவதற்கான கிழங்குகள்.

மிதந்தே போனார்கள் என்பது

1973இல் காற்றையும் நீரோட்டத்தையும் கணினியில் கொடுத்துப் பார்த்தார்கள். வெறுமனே மிதந்து ஹவாய்க்கு யாரும் போய்ச் சேரவில்லை.

நெடும்பயணம் ஒரே நாளில் நின்றுபோனது என்பது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நியூசிலாந்துக்குத் தெற்கே கடலடியில் சுமார் 20 கி.மீ. அகலமான பள்ளம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே குடியேறிய பாலினீசியர்களான மாவோரிகளின் நெருப்புத் தெய்வம் மகுயிகாவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 1443 வாக்கில் அங்கே விண்கல் விழுந்தது, ராட்சத அலை எழுந்தது, தோணிகளோடு மாலுமிகளும் அழிந்தார்கள், நெடும்பயணம் முடிந்தது என்பது கதை. ஒரு மாத இதழில் இதை நான்கு பக்கத்துக்கு எழுதினேன். அது விண்கல் விழுந்த பள்ளம் என்பதே நிறுவப்படவில்லை என்று நிலவியல் ஆசிரியர் ஒருவர் கடிதம் போட்டார். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அங்கிருந்து எனக்கு அழைப்பில்லை.

பள்ளம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முன் டோங்காவுக்கும் சமோவாவுக்கும் வந்துவிட்டவர்கள், கிழக்கே தாஹிதிப் பக்கம் போய்க் குடியேற ஆயிரம் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிறுத்தத்துக்கு எந்தக் கல்லைக் காட்டுவது? பிறகு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குள் ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து மூன்றிலும் குடியேறிவிட்டார்கள்.

ஓய்ந்ததும் இடத்துக்கு இடம் வேறு மாதிரி. ஹெண்டர்சன், பிட்கெர்ன் தீவுகள் மங்கரேவாவிலிருந்து வரும் தோணிகளை நம்பிப் பிழைத்தவை. மங்கரேவாவில் காடு அழிந்தது. தோணி வரத்து நின்றது. இரண்டு சிறு தீவுகளும் ஆளற்றுப் போயின. ஈஸ்டர் தீவில் பெருந்தோணிக்கு மரமே மிஞ்சவில்லை. தாஹிதிப் பக்கமோ ஓயவேயில்லை: 1769இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறிய ராயாத்தேயா தீவுப் பூசாரி துபாயா, எழுபதுக்கு மேற்பட்ட தீவுகளுக்குப் படம் போட உதவினார்.

ஆகவே, 'ஏன் நின்றது?' என்று தொடங்காதீர்கள். எந்தத் தடம், எப்போது என்று கேளுங்கள்.

கடலோடும் கலை செத்துவிட்டது என்பது

ஹவாயில் கைவிட்டுப் போயிருந்தது. ஆனால் மைக்ரோனீசியாவின் சதவால் என்ற சின்னஞ்சிறு தீவில் மௌ பியாலுக் என்ற கடலோடி இருந்தார். 1976இல் 'ஹோக்குலேயா' என்ற இரட்டைத் தோணியை ஹவாயிலிருந்து தாஹிதிக்கு, சுமார் 4,000 கி.மீ., திசைகாட்டி இல்லாமல் ஒரு மாதத்தில் செலுத்திக் காட்டினார். மேகம் மூடி விண்மீன் தெரியாத இரவில் அவரைப் போன்றவர்கள் தோணிக்குள் படுத்துக்கொள்வார்கள். அடியில் வந்து முட்டும் நெடிய அலைகளில் எது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முதுகு சொல்லிவிடும்.

மூழ்கிய கண்டம்

வேண்டாம். லெமூரியாவோடு முடிச்சுப் போடவே வேண்டாம். அது 1864இல் ஒரு விலங்கியலாளர் இந்தியப் பெருங்கடலுக்காகச் செய்த ஊகம்.

தமிழ் மணி

மணி உண்மை. 1836 வாக்கில் நியூசிலாந்தில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த உடைந்த வெண்கல மணியைப் பாதிரியார் வில்லியம் கொலென்சோ கண்டார். அதில் தமிழ் எழுத்து. மணி இருந்தால் நம் கப்பலும் அங்கே போயிருக்க வேண்டும் என்றில்லை, கைமாறியும் போயிருக்கலாம். ஆனால் நம்மவர்கள்தான் மாவோரிகளுக்குக் கடலோடக் கற்றுக்கொடுத்தார்கள் என்றுவரை போகிறவர்கள் உண்டு. நானும் ஒரு நூலகக் கூட்டத்தில் அதைச் சோழர் கப்பல் மணி என்று முழங்கினேன். கைதட்டல் அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்த பெரியவர், "மணியில் என்ன எழுதியிருக்கிறது? கொஞ்சம் வாசியுங்கள் தம்பி" என்றார். முகையதீன் வக்குசு கப்பலின் மணி என்று வாசித்தேன்.

"எந்தச் சோழனுக்கு, தம்பி, முகையதீன் என்று பெயர்?"